'பல கோடி ரூபாய் பெறுமதி': போதைப்பொருள் செய்தியைக் கணக்குப் போட்டு வாசிப்பது

ஆழ்கடலில் படகொன்று பிடிபட்டால் மறுநாள் கொழும்புப் பத்திரிகைகளில் பெறுமதிதான் தலைப்பு. நிறை உள்ளே எங்கோ ஒரு வரியில் கிடக்கும். அந்த இரண்டையும் எடுத்து வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு 100 கிலோ ஹெரோயின், 200 கோடி ரூபாய் என்றால் கிராமுக்கு 20,000 ரூபாய். இப்படி வருவது பெரும்பாலும் பக்கெட்டாகத் தெருவில் விற்கும் விலை. பெரிய எண் சொல்பவருக்கும் எழுதுபவருக்கும் வசதி.

சரக்குக்காரனுக்குப் போன நட்டம் அதுவல்ல. புறக்கோட்டையில் அரிசி மூட்டை தொலைந்தால், சாப்பாட்டுக்கடை பார்சல் விலையில் யாரும் நட்டம் பார்ப்பதில்லை. கடலில் வாங்கிய விலை, படகு, ஆட்களின் கூலி: இவ்வளவுதான் மீண்டும் போடவேண்டிய காசு. தெரு விலையில் பெரும்பங்கு கரைக்கு வந்த பிறகு, பிடிபடும் ஆபத்துக்கான கூலியாகச் சேர்கிறது.

பிறகு தூய்மை. இங்கேதான் கணக்கு அதிகம் பிழைபோகிறது. 100 கிலோவில் 40 வீதம்தான் ஹெரோயின் என்றால் கணக்குக்கு 40 கிலோ. அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரும்வரை செய்தியில் வருவது மொத்த நிறை. வழக்குக்கும் சுத்தமான ஹெரோயினின் நிறையே முக்கியம்: நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் சட்டத்தின் 1984 திருத்தத்தின்படி 2 கிராம் ஹெரோயினிலிருந்து மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. (1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை.)

விலை ஏறியதா என்று பார்க்க பக்கெட் விலையை மட்டும் கேட்காதீர்கள். அது அசையாமலே இருக்கும். உள்ளே இருப்பது குறையும். 1,000 ரூபாய் பக்கெட்டில் 50 மில்லிகிராம், தூய்மை 20 வீதம் என்றால் சுத்தமானது 10 மில்லிகிராம். மில்லிகிராமுக்கு 100 ரூபாய். அடுத்த மாதம் அதே பக்கெட் 40 மில்லிகிராம், 15 வீதம் என்றால் சுத்தமானது 6. விலை சுமார் 167 ரூபாய். 'விலை மாறவில்லை' என்ற செய்திக்குள் 67 வீத ஏற்றம்!

விலை ஏறினால் வியாபாரம் சுருங்கும் என்பதும் நிச்சயமில்லை. விலை 20 வீதம் ஏறி, பழகியவர்கள் 10 வீதம் மட்டும் குறைத்தால், 1.2 × 0.9 = 1.08. விற்பனை வருமானம் 8 வீதம் கூடுகிறது.

பிடிபட்ட ஹெரோயினை 2013இல் 261 கிலோ, 2019 பெப்ரவரியில் கொள்ளுப்பிட்டியில் 294 கிலோ என்று அடுக்கி 'கடத்தல் கூடிவிட்டது' என்று முடிக்கவேண்டாம். அதிகம் வந்திருக்கலாம், அதிகம் தேடியிருக்கலாம். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின் கைது எண்ணிக்கையும் அப்படித்தான். பொலிஸார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பதையே முதலில் அது அளக்கிறது.

தரவு வேண்டுமென்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆண்டுக் கையேட்டில் தொடங்குங்கள். அதில் இல்லாததை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே கேட்கலாம்; 14 வேலைநாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்லவேண்டும். கிராமுக்கு எந்த விலையை வைத்துப் பெறுமதி கணித்தார்கள், ஆண்டுவாரியாகச் சராசரித் தூய்மை என்ன என்று கேளுங்கள். குறிப்பிட்ட ஒரு வழக்கைத் தொட்டால் விசாரணையைக் காட்டி மறுக்க இடமுண்டு.