பெட்பேன் வைக்கும்போது கவனிக்க

எழ முடியாத நோயாளி படுக்கையிலேயே மலம், சிறுநீர் கழிக்க வைக்கும் பாத்திரம்தான் பெட்பேன். முதலில் திரையை முழுக்க இழுத்து மூடுங்கள். உறவினர் கூட இருக்கலாமா என்பதை நோயாளியிடமே கேளுங்கள். எவர்சில்வர் பேன் என்றால் வெந்நீரில் அலசி, துடைத்து, சூடு அதிகமில்லை என்று தொட்டுப் பார்த்து வையுங்கள். சில்லென்று பட்டால் உடம்பு இறுகி, வர இருந்ததும் நின்றுவிடும். போர்வையை உருவ வேண்டாம், இடுப்பருகே ஒதுக்கினால் போதும். முதுகெலும்பு, இடுப்பில் அடிபடாதவர் என்றால் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். மல்லாந்தபடி முக்குவது யாருக்குமே கஷ்டம். அழைப்பு மணியைக் கையில் கொடுத்துவிட்டு விலகுங்கள். "ஆச்சா?" என்று வார்டே கேட்கக் கத்துவது இருக்கிறதே, அதுதான் மோசம். அதற்காகப் பேன் வைத்ததையே மறந்துவிடாதீர்கள், நெடுநேரம் இருந்தால் அதன் அழுத்தத்தில் வாலெலும்புப் பக்கம் தோல் புண்ணாகும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். பேனை மூடியே எடுத்துச் செல்லுங்கள். கை கழுவ நோயாளிக்கும் தண்ணீர் கொடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.