மென்பொருள் வாங்க முன்னம்: டிஜிட்டல் சுகாதார நிர்வாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஜிட்டல் சுகாதாரம் என்று பேச்செடுத்தாலே எந்த மென்பொருள், எத்தனை கணினி, எவ்வளவு செலவு என்பவைதான் முதலில் வரும். நோயாளியின் பதிவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி கடைசியில் வரும், சிலவேளை வராமலே போகும். பெரிய தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

புதுக்குடியிருப்பில் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்கும் ஓர் அம்மாவை முல்லைத்தீவுக்கு அனுப்பி, அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு மாற்றுகிறார்கள் என்று வைப்போம். இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தோடு சுகாதாரம் பெருமளவு மாகாணங்களுக்குப் போனது. போதனா வைத்தியசாலையோ மத்திய அமைச்சின் கீழ். ஆனையிறவு தாண்டிப் போகும் அம்மாவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை, ஏனென்றால் கையில் கிளினிக் கொப்பி இருக்கிறது: மருந்து, அளவு, கடைசி இரத்தப் பரிசோதனை, அடுத்த திகதி. யாருக்குக் காட்டுவது என்பதும் அவர் விருப்பம். கணினிக்கு மாறும்போது அந்த விருப்பம் யார் கைக்குப் போகிறது? பிழையாகப் பதிந்த மருந்தைத் திருத்தும் அதிகாரம் முல்லைத்தீவுக்கா, யாழ்ப்பாணத்துக்கா, கொழும்புக்கா? இதை எழுத்தில் தீர்க்காமல் மென்பொருளை இறக்கினால் வைத்தியசாலைக்கு ஒரு இலக்கம், வைத்தியசாலைக்கு ஒரு பதிவு என்றாகும். அம்மா பழையபடி கொப்பியோடுதான் திரிவார்.

அதற்காக எல்லாவற்றையும் கொழும்பில் குவிப்பதும் சரிவராது. இங்கிலாந்து 2002இல் மேலிருந்து இறக்கிய தேசிய சுகாதாரக் கணினித் திட்டத்தை 2011இல் கலைப்பதாக அறிவிக்க நேர்ந்தது. பொதுத் தரங்களும் ஒரே நோயாளர் இலக்கமும் மத்தியில் இருக்கட்டும், அன்றாட முடிவுகளைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை எடுக்கட்டும் என்பதே என் எண்ணம்.

அடுத்தது, சட்டம் வந்தால் நம்பிக்கையும் கூடவே வந்துவிடும் என்று நினைப்பது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. நல்லது. ஆனால் போரால் இடம்பெயர்ந்து, முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் பதிவுக்கு மேல் பதிவு கொடுத்த சனம் இது. 'இதை ஆர் பாப்பினம்?' என்றுதான் முதலில் கேட்கும், குறிப்பாக மனநலக் கிளினிக்கில். எஸ்தோனியாவில் தன் பதிவை யார் திறந்தார்கள் என்பதை நோயாளியே பார்க்கலாம். 'பிறகு சேர்ப்போம்' என்று தள்ளிவைக்கும் வசதி அல்ல அது.

நன்கொடைத் திட்டங்கள் பற்றிச் சுருக்கமாக: திட்டம் முடிந்தபின் பற்றரிக்கும் இணையக் கட்டணத்துக்கும் காசு எங்கிருந்து வரும், தரவை முழுதாக வெளியே எடுக்கலாமா என்ற இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம், தீர்மானிக்கும் குழுவில் ஒட்டுசுட்டான் பக்கம் வீடு வீடாகப் போகும் ஒரு குடும்பநல உத்தியோகத்தருக்கும் கதிரை போடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் பதிவு எப்படி ஏறும், கடதாசிப் பதிவேட்டை எந்தத் திகதியோடு நிறுத்துவீர்கள் என்று அவர் கேட்பார். கடதாசியிலும் கணினியிலும் எழுதப்போவது அவர்தானே.