வன்னியில் பழைய ஜீப் சாமான் சேர்ப்பது: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

என் மேசையில் இரண்டு குமிழ்கள் இருக்கின்றன. ஒன்று மஞ்சள், மற்றது சிவப்பு. பெரியப்பாவின் லாண்ட் றோவரில் கியர்க் கம்புகளின் தலையில் இருந்தவை. மஞ்சளை அழுத்தினால் நாலு சில்லும் இழுக்கும். சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் வண்டி மெதுவாக, ஆனால் மாட்டுப் பலத்தோடு சேற்றில் ஏறும். இடம்பெயர்ந்தபோது வண்டியை நின்ற இடத்திலேயே விட்டாயிற்று. இறங்கும்போது பெரியப்பா இந்த இரண்டையும் திருகிக் கழற்றிச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டார். என் சேகரிப்பு அங்கேதான் தொடங்கியது.

இப்போது வார இறுதிகளில் கிறவல் றோட்டுகளில் சுற்றி, பழைய ஜீப், லாண்ட் றோவர் சாமான்களைத் தேடுகிறேன். எப்படித் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்காக நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

படி 1: நிலத்தில் கிடப்பதைத் தொடாதீர்கள்

மற்ற ஊர்களில் இதைக் கடைசியில் சொல்லலாம். வன்னியில் முதலில் சொல்ல வேண்டும். பற்றைக்குள் கறள் பிடித்த இரும்பு தெரிந்தால் கை வைக்க வேண்டாம், காலால் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். மிதிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகளாக நடந்தும் சில இடங்களில் இன்னும் முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடம் என்பதற்காகக் காட்டுக்குள் இறங்கிவிடவும் கூடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த அடித்தடத்திலேயே திரும்பி, கிராம அலுவலரிடமோ பொலிசிலோ சொல்லுங்கள்.

இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2009இல் போரின் கடைசியில் சனம் விட்டுவிட்டு ஓடிய வாகனங்கள் எத்தனை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியில் கிடக்கும் ஒரு கதவோ இலக்கத் தகடோ யாரோ ஒரு வீட்டின் கடைசித் தடயமாக இருக்கலாம். உரிமையாளர் யாரென்று தெரியாத பொருளை நான் வாங்குவதே இல்லை. வீட்டுக் கொட்டில், கராஜ், பழைய இரும்புக் கடை ஆகிய மூன்று இடங்கள் போதும். இரும்புக் கடையிலும், "அண்ணை, இது எங்கால வந்தது?" என்று கேட்டுப் பதில் கிடைத்தால் மட்டும்தான் காசு கொடுப்பேன்.

படி 2: சின்னதில் தொடங்குங்கள்

முழு வண்டிக்கு ஆசைப்படாதீர்கள். குமிழ், திறப்பு, முன் தகடு, வேகமானி, கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டில், 20 லீற்றர் ஜெரி கான், வாகனத்தோடு வந்த கைநூல், பழைய லொக் புத்தகம் எல்லாம் ஒரு அலுமாரிக்குள் அடங்கும். பிள்ளைகள் விளையாடிய 'டிங்கி' என்ற கொம்பனியின் சின்ன லாண்ட் றோவர் பொம்மையும் நல்ல தொடக்கம்தான், பெயின்ற் உரிந்திருந்தாலும் பரவாயில்லை.

படி 3: பார்த்து அறியப் பழகுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு பழைய ஸ்பீக்கரில் இருந்து காந்தம் ஒன்றைக் கழற்றி எப்போதும் கையில் வைத்திருங்கள். லாண்ட் றோவர் 1948இல் வெளிவந்தபோது இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலின் பெரும் பகுதியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதில் காந்தம் ஒட்டாது. ஒரு கதவின் வெளித்தகட்டில் காந்தம் 'டக்' என்று ஒட்டினால், யாரோ உள்ளூரில் தகரம் அடித்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். வண்டியின் அடிச்சட்டமும் எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவில் உள்ள முன்சுவரும் உருக்கு, அங்கே ஒட்டத்தான் செய்யும். என்னைக் கேட்டால் தகரம் அடித்த கதவும் சேர்க்கத் தக்கதுதான். அது எங்கள் கராஜ்காரரின் கைவேலை. ஆனால் அசல் விலை கொடுக்க வேண்டாம்.

வயதைக் கண்டுபிடிக்க முன்பக்கத்தைப் பாருங்கள். முதல் வரிசை 1948இல் தொடங்கியது, இரண்டாவது 1958இல், மூன்றாவது 1971இல். பழையவற்றில் முன்விளக்குகள் நடுவில், கிறில்லின் (முன்பக்கக் காற்றுத் தடுப்பின்) பக்கம் நெருங்கி இருக்கும். 1960களின் கடைசியில்தான் அவை மட்காட்டுக்கு நகர்ந்தன. மூன்றாவது வரிசையில் கிறில் பிளாஸ்ரிக் ஆகிவிட்டது. லூக்காஸ் என்ற பிரித்தானியக் கொம்பனியின் விளக்கு, சுவிட்ச், டைனமோ கிடைத்தால் முதுகைத் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் செய்த மாதமும் ஆண்டும் சின்ன எண்களாக அடித்திருக்கும். அந்த எண்ணை முதன்முதலில் ஒரு சுவிட்சில் கண்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஜீப் என்று யாராவது சொன்னால் கிறில்லில் உள்ள துவாரங்களை எண்ணுங்கள். ஒன்பது என்றால் நம்பிப் பார்க்கலாம். ஏழு என்றால் 1945 முதல் பொதுமக்களுக்காகச் செய்த வகை. ஃபோர்ட் செய்த போர்க்கால ஜீப்பில் போல்ட் தலைகளில் 'எஃப்' எழுத்து இருக்கும். இரண்டாம் உலகப் போரில் வவுனியாவில் பிரித்தானிய விமானப்படையின் ஓடுபாதை இருந்தது. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு ஜெரி கான் கிடைத்தால் பிரித்தானியப் படையின் அம்புக்குறியும் ஆண்டும் அடித்திருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்ப்பது என் வழக்கம்.

இலக்கத் தகடுகளுக்குத் தனிக் கதை. 1957இல் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தபோது வடக்கில் அதன்மேல் தார் பூசினார்கள், தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். அந்தத் தடம் உள்ள ஒரு தகட்டைத் தேடிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை.

படி 4: பாதையைத் தெரிந்தெடுங்கள்

முதல் பயணத்துக்கு மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு போகும் ஏ34 வீதி நல்லது. மொத்தம் சுமார் 50 கிலோமீற்றர். ஒலுமடு தாண்டினால் இரண்டு பக்கமும் பாலையும் வீரையும் நிற்கும் காடு. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, கிளைவீதியில் முத்தையன்கட்டுக் குளத்துக்குத் திரும்புங்கள். காலை வெயிலில் அந்தக் குளக்கட்டில் நின்றால் உடனே கிளம்ப மனம் வராது. பிறகு தண்ணீரூற்று, முள்ளியவளை, வற்றாப்பளை. பழகிய பின் மேற்கே துணுக்காய், மல்லாவி, வவுனிக்குளம், வெள்ளாங்குளம் என்று போகலாம்.

ஆனி முதல் புரட்டாதி வரை கிறவல் காய்ந்திருக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் மதகுகளுக்கு மேலால் தண்ணீர் பாயும், தை வரை கவனம். பின்னேரம் நாலரைக்கு முன் பெரிய வீதிக்கு வந்துவிடுங்கள். அதன்பின் யானை இறங்கும். ஜீப்தான் வேண்டும் என்றில்லை, மோட்டார் சைக்கிளே போதும். ஜீப்பில் போனால் சில்லில் உள்ள 35 இறாத்தல் காற்றை 28க்கு இறக்குவேன், கிறவலில் குலுக்கல் குறையும். தார் வீதிக்கு வந்ததும் திரும்ப அடித்துவிடுவேன்.

படி 5: கேட்கும் முறை

படலையில் நின்று குரல் கொடுங்கள். உள்ளே கூப்பிட்டால் மட்டும் போங்கள். "ஐயா, பழைய ஜீப் சாமான் ஏதும் கிடக்குதோ?" என்று நேரே தொடங்காமல், வீட்டில் யார் வண்டி ஓடினவர் என்று கேளுங்கள். தேநீர் வரும், கதை வரும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கதையை ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரிச் சொல்வார்கள். அதைக் கேட்பதற்கே போகலாம். மல்லாவிப் பக்கம் ஓர் அம்மா பெட்டியில் இருந்து திறப்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். "தம்பி, பார். ஆனா தரமாட்டன்" என்றார். படம் எடுக்கலாமா என்று கேட்டு, எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தப் படமும் என் சேகரிப்பில் இருக்கிறது.

படி 6: துப்புரவும் பாதுகாப்பும்

குத்துவிளக்குக்குப் போடுகிற பழப்புளியை இந்தத் தகடுகளுக்குப் போட வேண்டாம், எழுத்தின் பெயின்ற் போய்விடும். அலுமினியத் தகட்டுக்கு இளஞ்சூட்டுத் தண்ணீர், சவர்க்காரம், பழைய பல் பிரஷ் போதும். வெறும் உருக்கில் கறள் ஏறியிருந்தால் ஓரிரவு வினாகிரியில் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மெல்லிதாக எண்ணெய் பூசுங்கள். அலுமினியத்தை வினாகிரியில் போடாதீர்கள். இறுகிய நட்டுக்கு டீசல் விட்டு இரண்டு நாள் பொறுங்கள், அடித்துக் கழற்றினால் புரி போய்விடும்.

தாள்களுக்கு எதிரி கறையான். லொக் புத்தகங்களை மூடி இறுகிய பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு இரும்பு அலுமாரியில், நிலத்தில் இருந்து உயர்த்தி வையுங்கள்.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு மட்டை கட்டுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எந்த வண்டியில் இருந்தது, தந்தவர் சொன்ன கதை என்ன என்று அன்றிரவே எழுதிவிட வேண்டும். பேனை மை மங்கும், பென்சிலால் எழுதுங்கள்.