முதல் தடுக்கை எறிந்துவிடாதீர்கள்: பனையோலை இழைப்பில் பிழையை வாசிக்கப் பழகுதல்

பனையோலையில் இழைக்கத் தொடங்குபவர்களுள் பலர், முதற் பொருள் கோணலாக வந்தவுடன் தமக்கு இந்தக் கைவேலை வராது என்று முடிவெடுத்து, அதை அடுப்பில் போட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனவருத்தம் உண்டாகிறது. ஏனெனில் அடுத்த பொருளை எப்படி இழைக்க வேண்டும் என்பதைக் காட்டக்கூடியது அந்தக் கோணற் பொருள் ஒன்றுதான். ஆகவே, பாத்திரம் வைக்கும் சிறு தடுக்கு ஒன்றை இழைப்பதோடு, அதில் விழும் பிழைகளுள் எதைத் திருத்துவது, எதை அப்படியே விடுவது என்று தீர்மானிக்கும் முறையையும் இங்கே விளக்குகிறேன். இலங்கையின் வடக்கே பூநகரி, பளைப் பக்கங்களில் இருப்போருக்கு ஓலை வளவிலேயே கிடைக்கும். வன்னியின் உட்புறக் கிராமங்களில் இருப்போர் வார்ந்து காய்ந்த ஓலையை வாங்கிக்கொள்ளலாம்.

முதலாம் படி: ஓலையைத் தயார்செய்தல்

இளம் ஓலையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, 1 சென்ரிமீற்றர் அகலமும் 40 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள 24 ஓலைகளாக வார்ந்துகொள்ளுங்கள். அவற்றுள் 12 ஓலைகளுக்குக் கொதிநீரில் சாயமிட்டு, மற்றைய 12ஐயும் இயற்கை நிறத்திலேயே விடுங்கள். தொடக்கத்தில் இந்த இருநிறம் அழகைவிடக் கண்காணிப்புக்கே உதவுகிறது: சாயமிட்டதை நெடுக்காகவும் சாயமிடாததைக் குறுக்காகவும் இழைத்தால் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் தோன்றும், ஒரே நிறத்தில் இரண்டு கட்டங்கள் அருகருகே வந்தால் அங்கே தவறு நேர்ந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும். ஒரே நிற ஓலையில் பழகுபவர் அதே தவறைப் பல வரிகள் கடந்த பின்னரே காண்பார்.

இரண்டாம் படி: ஈரப்பதத்தைப் பார்த்தல்

கச்சான் எனப்படும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஓலை மிக விரைவாக உலர்ந்து, மடிக்கும்போது முறிந்துவிடுகிறது. எனவே ஓலைகளை ஈரத் துணியில் சிறிது நேரம் சுற்றிவைத்து, முறியாமல் மடியும் பதத்தில் எடுங்கள். நனைந்து ஊறிய ஓலையால் இழைக்கவும் கூடாது. ஈர ஓலை காயும்போது அகலத்தில் சுருங்குவதால், இன்று நெருக்கமாகத் தெரியும் தடுக்கில் நாளை இடைவெளி விழும். மாரி காலத்தில் கவலை வேறு: காயாத ஓலையைக் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

மூன்றாம் படி: நடுவிலிருந்து இழைத்தல்

நெடுக்காக வரும் சாயமிட்ட 12 நெட்டோலைகளையும் ஒரு பலகையின்மேல் அருகருகே அடுக்கி, ஒரு முனையில் பாரம் வையுங்கள். முதற் குறுக்கோலையை நெட்டோலைகளின் நடுப்பகுதியில் ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாகச் செலுத்துங்கள். அடுத்த வரி அதற்கு நேர்மாறாக அமைய வேண்டும். முதல் வரியையும் சேர்த்து, நடுவிலிருந்து இருபுறமும் ஆறு ஆறு வரிகளாகச் சென்றால் நாற்புறமும் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் ஓலை எஞ்சும். அது விளிம்பு மடிக்கத் தேவை.

நான்காம் படி: பிழையைப் பார்த்துத் தீர்மானித்தல்

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதுவதால், இங்கே சற்று நிதானமாக நில்லுங்கள். ஒவ்வொரு மூன்று வரிக்கும் ஒருமுறை கையை எடுத்துவிட்டு, கண்ணில் படும் குறையைப் பற்றி ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இது வளரும் பிழையா, நிற்கும் பிழையா?

ஒரு குறுக்கோலை தவறுதலாக இரண்டு நெட்டோலைகளின் மேல் சேர்ந்தாற்போல் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு அப்பால் அவ்வோலை முந்தைய வரியின் வழியிலேயே செல்லும். இரண்டு ஓலைகளும் ஒரே பாதையில் கிடப்பதால் அவற்றைப் பிரித்துப் பிடிக்க எதுவும் இருக்காது. அதைத் திருத்தாமல் விட்டு, அடுத்த வரியை இதற்கு நேர்மாறாக இழைத்தால், சேர்ந்த அந்த இரண்டு நெட்டோலைகளும் அந்த வரியிலும் சேர்ந்தே போகும், அதற்கடுத்த வரியிலும் சேர்ந்தே போகும். இது வளரும் பிழை. எத்தனை வரி கடந்திருந்தாலும் அந்த இடம்வரை கழற்றி, மீண்டும் இழையுங்கள். கழற்றும்போது எந்த இடத்தில் கை தவறியது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் ஓர் ஓலை மற்றொன்றின் அடியில் மறைந்திருந்த இடமாகவே அது இருக்கும்.

ஓர் ஓலை சற்று அகலமாக இருப்பது, சாயம் ஓரிடத்தில் மங்கியிருப்பது, ஒரு வரி மெல்ல வளைந்திருப்பது ஆகியவை நிற்கும் பிழைகள். அடுத்த வரியை அவை பெரிதாகக் கெடுப்பதில்லை. அவற்றைத் திருத்துவதற்காக மீண்டும் மீண்டும் கழற்றினால் ஓலையின் ஓரம் நார்நாராகக் கிழிந்து, இருந்த உறுதியும் போய்விடும். அப்படியே விட்டு மேலே செல்லுங்கள். நெல் அள்ளும் கடகத்தில் ஒரு வரி கோணலாக இருந்ததற்காக எவரும் அதை ஒதுக்கியதில்லை. ஓட்டை இருந்தால் மட்டும் எவரும் அதைக் களத்துக்கு எடுத்துச் செல்வதில்லை.

ஐந்தாம் படி: காயவிட்டு நெருக்கி, விளிம்பு மடித்தல்

இழைத்த தடுக்கை ஒருநாள் நிழலில் விட்டுவைத்து, சுருங்கிய இடங்களை மழுங்கிய மூங்கிற் சீவலால் நடுவை நோக்கித் தள்ளுங்கள். அதன்பின் கடைசிக் குறுக்கோலையின் மேலே கிடக்கும் நுனிகளைப் பின்புறமாகவும், கீழே கிடப்பவற்றை முன்புறமாகவும் மடித்து, அந்தந்தப் பக்கத்திலேயே இரண்டு கட்டங்களுக்குள் செருகி, மிகுதியை வெட்டுங்கள். நெட்டோலையின் ஓரங்களிலும் இவ்வாறே செய்யுங்கள்.

ஆறாம் படி: குறித்துவைத்து, இரண்டாவதை இழைத்தல்

தடுக்கின் பின்புறத்தில் எஞ்சிய குறைகளைப் பேனாவால் சுருக்கமாக எழுதுங்கள். ஓலை எழுத்தைத் தாங்கும். இரண்டாவது தடுக்கில் அவற்றுள் ஒன்றை மட்டும் திருத்த முயலுங்கள். ஓலையின் அகலத்தையும் ஈரப்பதத்தையும் ஒரே வேளையில் மாற்றினால், இடைவெளி எதனால் குறைந்தது என்பதை அறிய முடியாமற் போகும்.

முதல் தடுக்கை அடுக்களையில் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பயன்படுத்துங்கள். எந்த மூலை முதலில் அவிழ்கிறதோ, அடுத்த தடுக்கில் அந்த மூலையின் நுனிகளை இரண்டு கட்டங்களுக்குப் பதிலாக நான்கு கட்டங்கள்வரை உள்ளே செருகுங்கள்.