கணக்கு தொடங்கியாச்சு, பணம் கைக்கு வருகிறதா?

2014இல் ஜன் தன் வங்கிக் கணக்குத் திட்டம் வந்தபோது எல்லோருக்கும் வங்கி என்றார்கள். நெல்லை மாவட்டம் முக்கூடலில் பீடி சுற்றித் தேய்ந்த விரலை, பணம் எடுக்கும்போது ரேகைக் கருவி ஏற்காவிட்டால் அந்த வாக்குறுதி அங்கேயே நின்றுவிடுகிறது.

அரசு அறிவிப்பை மட்டும் நம்பி இருக்காதீர்கள். முதலில் உங்கள் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்தில் பாருங்கள், ஏனென்றால் மானியம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும், அது தெரியாமல் பழைய பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு அலைவது வீண் அலைச்சல்.

ரேகை பதியவில்லை என்றாலும் ரசீது கேளுங்கள், பணம் மட்டும் கழிந்திருக்கலாம். அப்புறம் பாஸ்புக்கில் என்ட்ரி போடுங்கள். கழிந்திருந்தால் கிளையில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையா, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போங்கள், கட்டணம் கிடையாது.