ஆல் பாஸ் சொல்வதற்கு முன்: கவுன்சிலர் அஜெண்டா படிக்கும் முறை

நகராட்சிக் கூட்டத்தின் அஜெண்டாவில் ஐம்பது பொருள் இருந்தாலும் டீயும் மிக்சரும் தீர்வதற்குள் விவாதமே இல்லாமல் ஆல் பாஸ் ஆகிவிடும். கூட்டத்தில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற கவுன்சிலர் எதையும் படிக்கப் போவதில்லை. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, சந்தை என்று ஊருக்கு நடக்கிற வேலையில் எதை மாற்றுவதாக இருந்தாலும், அதைக் கிளறிப் பார்க்க நமக்குக் கிடைப்பது அஜெண்டா கைக்கு வந்ததற்கும் கூட்டம் தொடங்குவதற்கும் நடுவில் இருக்கும் சில நாள்தான். அந்த நாட்களில் என்ன செய்வது என்று புதிதாக ஜெயித்து வருகிறவர்கள் கேட்பதால் எழுதுகிறேன். நான் கட்சி எதிலும் சேராமல் நின்று ஜெயித்தவள். அதற்கு முன் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதினேன். ஊர் ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் என்பது போதும்.

முதலில், அஜெண்டாவை உங்கள் கையில் நீங்களே வாங்குங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் வந்தது. 2022 பிப்ரவரி தேர்தலில் அப்படித்தான் நாங்கள் இத்தனை பேர் உள்ளே வந்தோம். ஆனாலும் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவது வீட்டுக்காரர், ஆணையரிடம் பேசுவது வீட்டுக்காரர், கூட்டத்தன்று மட்டும் பட்டுச்சேலை கட்டி அம்மிணி வருவது என்று பல வார்டில் நடக்கிறது. அந்த வீட்டில் இந்தக் கட்டுரையை யார் படித்தாலும் பயன் இல்லை.

அப்புறம், பொருள்களைப் பிரியுங்கள். போர்வெல் மோட்டார் ரிப்பேர், குழாய் உடைப்பு, பிளீச்சிங் பவுடர் கொள்முதல் போன்றவற்றை ஒரு பார்வை பார்த்தால் போதும். ‘வெளிமுகமை’ (வேலையைத் தனியார் நிறுவனத்திடம் விடுவது), ‘கட்டணம் மறுநிர்ணயம்’, ‘இடமாற்றம்’, ‘கால நீட்டிப்பு’, ‘பின்னேற்பு’ என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் பேனாவால் சுழியுங்கள். ஊருக்கு நடக்கிற வேலை மாறுவது அங்கேதான். பின்னேற்பு என்றால் தலைவர் முன்னனுமதி கொடுத்து வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது, இப்போது மன்றம் தலையாட்ட வேண்டும் என்று அர்த்தம். உடைந்த பிரதானக் குழாய்க்கு அது நியாயம். மூன்று வருட ஒப்பந்தத்துக்கு என்ன அவசரம் என்று எழுந்து கேட்கலாம்.

ஒவ்வொரு பொருளின் கடைசியிலும் ‘அலுவலகக் குறிப்பு’ என்று இரண்டு வரி இருக்கும். ‘மன்றம் அனுமதிக்கலாம்’ என்று முடியும். முன்னால் இருக்கும் முக்கால் பக்கமும் அரசாணை எண், கடித எண், நாள் என்று நீளும். அந்த எண்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ‘மேலிடத்து உத்தரவும்மா, நாம ஒண்ணும் பண்ண முடியாது’ என்பது நீங்கள் அதிகம் கேட்கப் போகிற பதில். சரி, அந்த உத்தரவின் நகலைக் கொடுங்கள் என்று கேளுங்கள். தூய்மைப் பணியை வெளிமுகமைக்கு விடுவது பற்றி எங்கே பேச்சு வந்தாலும் 2022-ல் வந்த 139, 152 அரசாணைகளைத்தான் காட்டுவார்கள். தொழிற்சங்கங்கள் ரத்து செய்யச் சொல்லிக் கேட்பதும் அவற்றைத்தான். உத்தரவு மேலிருந்து வந்திருக்கலாம். எந்த வார்டில் எத்தனை வண்டி, பில்லை எப்படிக் கணக்குப் போடுவது, வேலை குறைந்தால் ஒப்பந்ததாரர் பில்லில் பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் உள்ளூரில் தயாராகும் மதிப்பீட்டில் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த மதிப்பீடுதான்.

குப்பையையே எடுத்துக்கொள்கிறேன். கொங்குப் பக்கம் எந்த ஊர் மன்றத்துக்கும் இன்றைக்கோ நாளைக்கோ இது வந்தே தீரும்.

தனியாரிடம் விடலாமா கூடாதா என்று மேடைப் பேச்சு பேசினால் இரண்டு கட்சியும் கைதட்டும், பொருளும் பாஸ் ஆகிவிடும். நான் முதலில் கேட்பது பணம் எந்தக் கணக்கில் போகிறது என்பதை. டன் கணக்கில் என்றால் எடை மேடை யார் கையில் இருக்கிறது, காலி வண்டி எடை எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். டன்னுக்குக் காசு என்றால் இடித்த வீட்டு மண்ணும் சாக்கடை அள்ளிய சேறும் வண்டி ஏறும், மக்கும் குப்பையைப் பிரித்து எடை குறைக்க எவனுக்கும் மனசு வராது. ஆள் கணக்கில் என்றால் வருகைப் பதிவேடுதான் பணம். அதை யார் எழுதுகிறார், யார் சரிபார்க்கிறார் என்று கேளுங்கள். வீட்டுக் கணக்கில் என்றால் பூட்டிய வீடும் காலி மனையும் எண்ணிக்கையில் இருக்கிறதா என்று வரிவிதிப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மூன்று முறையிலும் ஓட்டை உண்டு. எந்த ஓட்டையை அடைக்க ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு பேட்டரி வண்டிக்கு 300 வீடு என்று மதிப்பீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஒரு நிமிடம் போட்டாலே 5 மணி நேரம். அதையே 450 வீடு ஆக்கினால் ஏழரை மணி நேரம். அப்புறம் பிரிப்பது எப்போது, கொண்டு போய்க் கொட்டுவது எப்போது? சிக்கனம் என்று காட்டப்படுவது பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். நடைமுறையில் ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டி வரும் என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது. இந்தக் கணக்கைப் போட வாய்ப்பாடு தெரிந்தால் போதும், பட்டம் வேண்டியதில்லை.

பிறகு கூலி. மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் தினக்கூலி எவ்வளவு, மதிப்பீட்டில் எவ்வளவு, கைக்குப் போவது எவ்வளவு என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தொழிலாளி பங்காக பி.எஃப். 12 சதவீதமும் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதமும் பிடிப்பார்கள். நிறுவனத்தின் பங்கு தனி. பிடித்த பணம் அவரவர் கணக்கில் ஏறியதற்கான சலான் இல்லாமல் மாத பில் பாஸ் ஆகாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறதா? இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரர் கூலி கொடுக்காமல் போனால் கடைசியில் அந்தப் பொறுப்பு நகராட்சி தலையில்தான் விழும்.

இதையெல்லாம் காகிதத்தில் பார்த்தால் பாதிதான் தெரியும். விடிகாலையில் மஸ்டர் (ஆள் வருகைக் கணக்கு) எடுக்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். கேள்வி கேட்க வேண்டாம், எண்ணுங்கள். எங்கள் வார்டில் ரொம்ப வருடமாகக் கூட்டுகிற ஓர் அம்மா, ‘பேப்பர்ல பத்துப் பேருங்க அம்மிணி, தெருவுல நாங்க ஆறு பேருதான்’ என்று சொன்னதை விட நல்ல ஆய்வறிக்கை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. இப்படிச் சொல்கிறவர் பேரை மன்றத்தில் சொல்லிவிடாதீர்கள். மறுநாள் வேலை போய்விடும். நீங்களே எண்ணியதாகச் சொல்லுங்கள், அதற்காகத்தான் எண்ணச் சொன்னேன்.

குடிநீருக்கு இதே வழிதான். வால்வு திறக்கிறவரோடு ஒரு முறை போனால் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பது தெரிந்துவிடும். அதை எழுதி வைத்தால்தான் புதிய திட்டம் வந்த பிறகு கூடியதா குறைந்ததா என்று பேச முடியும். இன்றைய அளவு கையில் இல்லாதவர் நாளைய மாற்றத்தைப் பற்றி வாய் திறக்க முடியாது. சந்தை, கழிப்பிடம், வண்டி நிறுத்தம் போன்ற ஏலங்களில் ஒன்றே ஒன்று: வியாபாரியிடம் வசூலிக்கும் கட்டணம் என்ன என்பதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை. பலகை இல்லாத சந்தையில் கீரைக்கட்டு விற்கிற பாட்டிக்கு வசூலிக்கிறவர் சொன்னதுதான் சுங்கம்.

ஒப்பந்தக் காலத்தைத் தனியாகப் பாருங்கள். கோவையில் 24 மணி நேரக் குடிநீருக்கு 2018-ல் போட்ட ஒப்பந்தம் 26 ஆண்டுக்கு. நம் பதவி 5 ஆண்டு. அந்த ஒப்பந்தம் கையெழுத்தான காலத்தில் கோவையில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. 2016 அக்டோபரில் முடிந்த மன்றங்களுக்குப் பிறகு 2022 வரை நகர்ப்புற உள்ளாட்சி முழுக்கத் தனி அலுவலர்கள்தான். திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு. நமக்குப் பிறகு நாலைந்து மன்றங்களைக் கட்டிப்போடுகிற காகிதத்தில், இடையில் மறுஆய்வு எந்த வருடம், கட்டணம் யார் முடிவில் ஏறும், விலகினால் என்ன நஷ்டஈடு என்று தேடாமல் கை தூக்கக் கூடாது.

கேட்பதை வாயால் கேட்காதீர்கள். ஆணையருக்கு ஒரு பக்கக் கடிதம், இரண்டு பிரதி, ஒன்றில் தபால் பிரிவு சீல். ‘பொருள் எண் இத்தனைக்கான மதிப்பீடு, ஒப்பந்த வரைவு, நடப்பு ஒப்பந்தத்தில் கடந்த ஆண்டு செய்த பிடித்தங்களின் விவரம்’ என்று மூன்று தாளை மட்டும் கேளுங்கள். முப்பது கேட்டால் முப்பதும் வராது. கொடுக்காவிட்டால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் போடலாம். 30 நாள் ஆகும் என்பதால் இந்தக் கூட்டத்துக்கு உதவாது, அடுத்ததற்கு உதவும். டெண்டர் விவரம் அரசின் இணையதளத்திலேயே இருக்கும். 2 கோடி ரூபாய் வரை 15 நாள், அதற்கு மேல் 30 நாள் ஒப்பந்தப்புள்ளி கொடுக்க அவகாசம் தர வேண்டும் என்பது விதி. குறைத்திருந்தால் எழுத்தில் காரணம் இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

கூட்டத்துக்கு முந்தின இரவு இன்னும் இரண்டு கவுன்சிலரிடம் போனில் பேசிவிடுங்கள். ஆளும் கட்சிக்காரரானாலும் பரவாயில்லை. அவர் வார்டிலும் குப்பை நாறத்தான் செய்கிறது. தனி ஆள் பேச்சை மைக் அணைத்துக் கடந்துவிடுவார்கள், மூன்று பேர் ஒரே பொருளில் எழுந்தால் ஆணையர் பதில் சொல்லியாக வேண்டும்.

மன்றத்தில் ஒரு பொருளுக்கு ஒரு கேள்வி. ‘தலைவரே, பொருள் எண் 23. வண்டிக்கு 450 வீடு என்று இருக்கிறது. எங்கள் வார்டில் தினமும் வருமா, ஒருநாள் விட்டு வருமா? பதிலைத் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும்.’ அவ்வளவுதான். கோபப்படுகிறவரைச் சமாளிப்பது அவர்களுக்குப் பழக்கம். பொருள் எண்ணும் பக்க எண்ணும் சொல்கிறவரிடம்தான் திணறுவார்கள். ‘பார்த்துக்கலாம் விடுங்க்கா’ என்று வந்தால், திருத்தத்தோடு நிறைவேற்றுங்கள் அல்லது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவையுங்கள் என்று சொல்லுங்கள். இரண்டும் நடக்கவில்லையென்றால் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வெளிநடப்பு செய்தால் மறுநாள் பேப்பரில் படம் வரும். நீங்கள் வெளியே நிற்கும்போது உள்ளே மிச்சமும் பாஸ் ஆகிவிடும். எனக்கு அந்த வழக்கம் இல்லை.

பிறகு தீர்மானப் புத்தகம். கூட்டத்தில் ஒத்துக்கொண்டது எழுத்தில் ஏறியிருக்கிறதா என்று போய்ப் படித்துப் பாருங்கள். ‘உறுப்பினர்கள் விவாதித்தனர், அனுமதிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தால் உடனே கடிதம் கொடுங்கள். தீர்மானத்தில் ஏறாத வாக்குறுதிக்கு ஒப்பந்ததாரர் கட்டுப்பட மாட்டார்.

வேலை தொடங்கிய பிறகும் மஸ்டருக்கு அவ்வப்போது போய் வாருங்கள். காலாண்டுக்கு ஒருமுறை ஒப்பந்ததாரர் பில்லில் செய்த பிடித்தங்களின் விவரம் கேளுங்கள். ஒரு பைசாக்கூடப் பிடிக்கவில்லை என்று பதில் வந்தால் ஊர் தங்கமாக மின்னுகிறது என்று அர்த்தமில்லை, யாரும் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே அடுத்த டெண்டர் எப்போது என்று கடிதம் கொடுத்து சீல் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் ‘பொதுமக்கள் நலன் கருதி’ என்று தொடங்கி கால நீட்டிப்புக் கேட்டு ஒரு பொருள் வரும், அதுவும் பின்னேற்புக்காக.