நாய்க்கு அரிப்பு, சொறி: கை வைத்தியத்தில் நேரும் தவறுகள்

சித்திரை வெயில் சேலத்தில் 40 டிகிரியைத் தொடும்போது, நாய் சுவரோரமாக உடம்பை உரசி உரசி நடந்தால் வீட்டில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய் டப்பாவுக்குத்தான். நாலு கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, சூடு பண்ணித் தடவிவிடுவார்கள். மனிதரின் சளிக்கும் சொறிக்கும் பழகிப்போன வைத்தியம் அது. நாய்க்கு அது விஷம். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே இறங்கும். மேலே தடவியதை நாய் நக்கியும் தீர்க்கும். வாந்தியும் தள்ளாட்டமும் வரும், அளவு கூடினால் வலிப்பு வரும். சின்ன நாய்க்கும் குட்டிக்கும் கொஞ்சமே போதும்.

அதனால் எதைத் தடவுவதற்கு முன்னாலும், ‘இதை நக்கினால் என்ன ஆகும்?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய், வண்டியில் வடித்த பழைய ஆயில், அந்துருண்டைப் பொடி, டீ ட்ரீ ஆயில், பூண்டு விழுது எல்லாம் அந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும். கேலமைன் லோஷனும் வேண்டாம். அதிலிருக்கும் துத்தநாக ஆக்ஸைடு நாயின் வயிற்றுக்கு ஆகாது.

வெறும் தேங்காய் எண்ணெய் என்றால்? வறண்டு வெடித்த முழங்கைக்கு இரண்டு சொட்டு தடவலாம். ஆனால் நீர் கசியும் புண்ணில் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, காலையில் ஒரு ரூபாய் நாணய அளவில் இருந்தது மாலைக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பரவும். விரலிடுக்கிலோ காதிலோ பிசுபிசுப்போடு புளித்த வாடை வந்தால் அது பெரும்பாலும் ஈஸ்ட். கொழுப்பில் செழிக்கும் கிருமி அது, எண்ணெய் விட்டால் கூடத்தான் செய்யும்.

கசியும் புண்ணுக்கு உப்பு நீர் உதவும். அதிலும் அளவில்தான் தவறு நடக்கிறது. ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டால் புண் எரியும், அடுத்த முறை நாய் கிட்டவே வராது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக, சுமார் 4.5 கிராம் தூள் உப்பு கரையுங்கள். புண்ணைச் சுற்றியுள்ள முடியை, முனை மழுங்கிய கத்தரியால், தோலுக்கும் கத்தரிக்கும் நடுவே சீப்பை வைத்துக்கொண்டு வெட்டுங்கள். நனைத்த துணியை 5 நிமிடம் வைத்து எடுத்து, தேய்க்காமல் ஒற்றி ஈரத்தை எடுங்கள். ஒரு நாளைக்கு 3 முறை போதும். இந்தப் புண்ணுக்கு மருந்தே உலர்ந்த காற்றுதான். மஞ்சள் பற்று போட்டால் முடியோடு சேர்ந்து காய்ந்து ஓடாகி, அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். குப்பைமேனியை உப்போடு அரைத்து உடைந்த தோலில் பூசுவதும் வேண்டாம்.

கற்றாழை நல்லதுதான், ஆனால் மடலை ஒடித்து அப்படியே தேய்க்கக் கூடாது. வெட்டிய வாயிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். கசப்பான அந்தப் பால் நாய்க்குப் பேதியைக் கிளப்பும். மடலை ஒரு டம்ளரில் வெட்டு வாய் கீழே இருக்கும்படி 15 நிமிடம் நிறுத்துங்கள். பால் வடிந்ததும் பச்சைத் தோலைச் சீவி, கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுத்து இரண்டு மூன்று முறை அலசுங்கள். மூடிய தோலில் மெல்லியதாகத் தடவி, 15 நிமிடம் நக்க விடாமல் பார்த்துக்கொண்டு, பிறகு துடைத்துவிடுங்கள்.

குளியலில் நடக்கும் தவறு கண்ணுக்குத் தெரியாது. நம் மேல்தோலில் 10 முதல் 15 அடுக்குச் செல்கள் உண்டென்றால் நாய்க்கு 3 முதல் 5 தான். நம் சோப்பும் ஷாம்பூவும் அதற்குக் காட்டம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு சரியாக அலசிப் போகாமல் முடியடியில் தங்கி, அதுவே அரிக்கும். கடைசி ஒரு பக்கெட்டாவது குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில் அலசுங்கள். ஓட்ஸ் குளியல் இதமாக இருக்கும். வெறும் ஓட்ஸாக இருக்க வேண்டும், மசாலா ஓட்ஸில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். மாவாக அரைத்து ஒரு ஸ்பூனை டம்ளர் தண்ணீரில் போட்டால் பால் போல் கலங்க வேண்டும். அடியில் படிந்தால் இன்னும் அரையுங்கள். லேப்ரடார் அளவு நாய்க்கு, வெதுவெதுப்பான ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு கப் மாவு. 10 நிமிடம் ஊற்றி ஊறவிட்டு அலசுங்கள்.

ஏற்காட்டில் பனி மூடிய நாளில் முடி தானாகக் காயாது. மதியத்துக்கு முன்பே குளிப்பாட்டி, வேர் வரை துவட்டுங்கள். காபித் தோட்டத்திலும் உண்ணிச்செடிப் புதரிலும் திரிந்து வந்த நாய்க்கு மருந்து தேடும் முன் காதுக்குள், கழுத்துப்பட்டையின் கீழ், விரலிடுக்கில் உண்ணி இருக்கிறதா பாருங்கள். உண்ணி மேல் எண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சி வைப்பதும் தவறு. தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். அடுத்த மூன்று வாரத்தில் காய்ச்சல் வந்தாலோ, சோறு தின்ன மறுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ இரத்தப் பரிசோதனை அவசியம்.

சீழ், நாற்றம், வட்டமாக முடி கொட்டுதல், இரண்டு நாளில் குறையாத அரிப்பு, வீட்டு மனிதருக்கும் சேர்ந்து அரிப்பு என்று எது வந்தாலும் கை வைத்தியத்தை நிறுத்துங்கள். மருந்துக்கடை படர்தாமரை கிரீமும், மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியும் உங்கள் யோசனைப்படி வேண்டவே வேண்டாம். மருத்துவரிடம் கிளம்பும் நாளில் தோலில் எதையும் பூசாதீர்கள், சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் மாதிரியை அது மறைத்துவிடும். முதல் நாள் எடுத்த போட்டோவையும், இதுவரை தடவிய டியூப், டப்பா எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.